குழல் பிரஷ்: வெண்கலமா, நைலானா, எஃகா? எதை வாங்கலாம், எதுவரை வைத்துக்கொள்ளலாம்?

மூன்று நாள் மாலையும் ஒரே ரைஃபிள் குழலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செம்பைக் கரைக்கும் அமோனியா திரவத்தை விட்டு, வெண்கல பிரஷ்ஷை இருபது தடவை ஓட்டி, கால் மணி நேரம் ஊறவைத்து, வெள்ளைத் துணித்துண்டைத் தள்ளினால் அது நீலமாக வெளியே வரும். நீலம் வந்தால் உள்ளே செம்பு பாக்கி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே மறுபடியும் திரவம், மறுபடியும் பிரஷ், மறுபடியும் நீலம். நான்காம் நாள் சுடுதளத்தில் மூத்தவர் ஒருவர் என் பிரஷ்ஷை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, பேரல் முதல் நாளே சுத்தமாயிருக்கும். மூணு நாளா நீ கரைச்சுக்கிட்டு இருக்கறது இந்த பிரஷ்ஷைத்தான்" என்றார்.

அவர் சொன்னது சரி. வெண்கலத்தில் பெரும்பங்கு செம்புதான். குண்டு உரசிவிட்டுப் போன செம்பு எது, பிரஷ்ஷில் இருக்கும் செம்பு எது என்று அமோனியா பார்ப்பதில்லை. இரண்டையும் கரைத்து நீலமாக்கும். துணியைக் குத்தித் தள்ளும் பித்தளை ஜாக்கும் இதே பொய் நீலத்தைக் கொடுக்கும். அந்த மூன்று நாளில் நல்ல பிரஷ் ஒன்று மெலிந்துபோனது. தேவையில்லாமல் குழலுக்குள் நூறு தடவைக்கு மேல் தண்டு போய்வந்தது.

அன்று முதல் "எது நல்ல பிரஷ்?" என்று நான் யாரையும் கேட்பதில்லை. உள்ளே இருப்பது என்ன அழுக்கு, அதற்கு எந்தத் திரவம் போடப்போகிறோம் என்று முதலில் பார்க்கிறேன். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் வெண்கலமா நைலானா என்பது தானாக முடிவாகிவிடும். பழைய பிரஷ்ஷைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கும் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஏனென்றால் பெரும்பாலான பிரஷ்கள் குழலில் தேய்ந்து சாவதில்லை. வேலை முடிந்தபின் கழுவாமல் வைத்த திரவத்தில்தான் சாகின்றன.

எந்த பிரஷ்ஷாக இருந்தாலும் கையில் எடுக்கும் முன் மேகஸினைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்துவிடுங்கள். தோட்டாக்கள் அந்த மேசையில் மட்டுமல்ல, அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

உள்ளே இருப்பது என்ன?

கரி எல்லாத் துப்பாக்கியிலும் உண்டு. வெடிமருந்து எரிந்த புகைக்கரி முதலில் மென்மையாக இருக்கும். அடுத்தடுத்த சூட்டில் இறுகி, சேம்பருக்கு முன்னால் கெட்டியான வளையமாகப் படியும். செம்பு, செம்புக் கவசமிட்ட குண்டு சுடும் ரைஃபிளிலும் கைத்துப்பாக்கியிலும் வரும். கவசமில்லாத ஈயக் குண்டு சுட்டால் ஈயம். 12 போர் போன்ற ஷாட்கன்னில் ஈயத்தோடு பிளாஸ்டிக்கும் சேரும். ரவையை ஏந்திச் செல்லும் பிளாஸ்டிக் கிண்ணம் குழலில் உரசி மெல்லிய தகடுபோல ஒட்டிக்கொள்கிறது.

இவற்றில் கரியும் ஈயமும் பிளாஸ்டிக்கும் சுரண்டினால்தான் போகும். திரவம் அவற்றை இளக்கிக் கொடுக்குமே தவிர முழுக்கக் கரைத்துவிடாது. செம்பு அதற்கு நேர் எதிர். சுரண்டி எடுப்பது கடினம், ஆனால் சரியான திரவத்தில் கரைந்தே போகும். அதனால் முதல் மூன்றுக்கும் பிரஷ் ஒரு சுரண்டி. செம்புக்கு அது திரவத்தை எல்லா மூலைக்கும் கொண்டுபோய்ப் பூசும் கருவி மட்டுமே. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எல்லாம் எளிதாகப் புரியும்.

பிரஷ் எதுவுமே உதவாத அழுக்கு ஒன்றும் இருக்கிறது. பழைய ராணுவ உபரித் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில்கூடத் துருவை எழுப்பிவிடும். எண்ணெயிலும் பெட்ரோலியத் திரவத்திலும் உப்பு கரையாது. எவ்வளவு விலையுயர்ந்த பிரஷ்ஷும் அதை இங்கிருந்து அங்கே தள்ளுமே ஒழிய வெளியேற்றாது. அதற்கு வெந்நீர்தான் மருந்து. வெந்நீர் விட்டு, உலர்த்தி, எண்ணெய் தடவிய பிறகு பிரஷ்ஷைப் பற்றி யோசிக்கலாம்.

வெண்கல பிரஷ்

கடைகளில் "பிரான்ஸ் (bronze) பிரஷ்" என்று கிடைப்பது பெரும்பாலும் பாஸ்பர் பிரான்ஸ்: செம்பு, அதில் சில விழுக்காடு வெள்ளீயம், மிகச் சிறிதளவு பாஸ்பரஸ். இந்தக் கலவைக்கு ஸ்பிரிங் போலத் துள்ளும் குணம் உண்டு. வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும். குழல் பிரஷ்ஷுக்கு அந்தக் குணம்தான் உயிர்.

ஏன் என்று பார்ப்போம். ரைஃபிள் குழலின் உட்சுவரில் குண்டைச் சுழலவைக்கும் மேடும் பள்ளமும் சுழன்று ஓடும். .30 வகை ரைஃபிளில் மேட்டுக்கு மேடு விட்டம் 7.62 மி.மீ., பள்ளத்துக்குப் பள்ளம் 7.82 மி.மீ. அதாவது சுழல் பள்ளத்தின் ஆழம் வெறும் 0.1 மி.மீ. மேட்டின் ஓரமும் பள்ளத்தின் அடியும் சேரும் அந்த நுண்ணிய மூலையில்தான் அழுக்கு பதுங்கும். பிரஷ்ஷின் இழைகள் குழலைவிடச் சற்று நீளமாக இருப்பதால் உள்ளே நுழையும்போது பின்பக்கமாகச் சாய்கின்றன. சாய்ந்தபடியே நிமிரத் துடிக்கும் அந்த விசைதான் இழை முனையை மூலைக்குள் அழுத்துகிறது. துள்ளல் போன இழை மேட்டின் மேல் மட்டும் வழுக்கிக்கொண்டு போகும், பள்ளத்தைத் தொடாது.

வெண்கலம் குழலைக் கீறுமா? இந்த பயம் பலருக்கும் உண்டு. குழல் எஃகின் கடினம் ராக்வெல் சி அளவில் பெரும்பாலும் 28 முதல் 32 வரை இருக்கும். பாஸ்பர் பிரான்ஸ் கம்பி அதைவிட மென்மையானது. எனவே சுத்தமான வெண்கல இழை எஃகைக் கீறாது. கீறுவது வேறொன்று: இழைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மணலும் தூசியும். சிலிக்கா மணல் எஃகைவிடக் கடினம். அடிவிளிம்பில் தட்டி வெடிக்கவைக்கும் .22 ரிம்ஃபயர் தோட்டாவின் பிரைமரில் உராய்வைக் கூட்டப் பொடித்த கண்ணாடி சேர்க்கும் வழக்கமும் பரவலாக உண்டு. கழுவாத வெண்கல பிரஷ்ஷை அடுத்த வாரம் அப்படியே உள்ளே விட்டால் நீங்கள் ஓட்டுவது ஒரு உப்புத்தாள். பிரஷ்ஷின் உலோகத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட அதன் சுத்தத்தைப் பற்றிக் கவலைப்படுவதே குழலுக்கு நல்லது.

வெண்கலத்துக்கு இரண்டு கண்டிப்பான விதிகள். முதலாவது, குழலின் நடுவில் திசை மாற்றக் கூடாது. பின்பக்கம் சாய்ந்திருக்கும் இழைகளை நடுவழியில் திருப்பி இழுத்தால் அவை எதிர்த் திசையில் முறுக்கிக்கொண்டு பூட்டிக்கொள்ளும். பிரஷ் அங்கேயே சிக்கும், இல்லை இழைகள் மடங்கி ஒரே நாளில் பாழாகும். முழுக்க வெளியே வந்தபின்தான் திருப்ப வேண்டும். இரண்டாவது விதியை மேலேயே பார்த்தோம்: அமோனியா திரவத்தோடு சேர்க்கக் கூடாது.

வெளியே வந்த பிரஷ்ஷை அப்படியே பின்னுக்கு இழுக்கலாமா, கழற்றிவிட்டுத் தண்டை மட்டும் இழுக்க வேண்டுமா என்பதில் சுடுபவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. துல்லியப் போட்டிக்காரர்கள் பலர் ஒவ்வொரு தடவையும் கழற்றுவார்கள். குழல்வாயின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தாலும் குண்டு வெளியேறும்போது அதன் பின்னால் வரும் வாயு சமமாகப் பிரியாது, குறி சிதறும். அதனால் அந்த விளிம்பில் அழுக்குப் பிரஷ் திரும்ப ஏறக்கூடாது என்பது அவர்கள் வாதம். நான் போட்டி ரைஃபிளுக்குக் கழற்றுகிறேன். மற்றவற்றுக்கு விளிம்பில் தண்டு சாயாமல் மெதுவாக இழுத்துக்கொள்கிறேன். இதுவரை வருந்த நேரவில்லை.

நைலான் பிரஷ்

நைலானைப் பொம்மை பிரஷ் என்று ஒதுக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இறுகிய கரியை எடுக்க அதை நம்பினால் அவர்கள் சொல்வது உண்மைதான். வெண்கலம் பத்து தடவையில் செய்வதை நைலான் முப்பது தடவையிலும் முடிக்காது. ஈயத்திடம் அதன் கை இன்னும் தாழ்வு.

ஆனால் செம்பு என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். அமோனியா நைலானை ஒன்றும் செய்யாது. இழைகளுக்கிடையே திரவத்தை நன்றாகப் பிடித்துவைத்து, குழல் முழுக்கச் சீராகப் பூசும். பொய் நீலம் வராது. துணியில் நீலம் தெரிந்தால் அது குழலிலிருந்து வந்த நீலம் என்று நம்பலாம். இதற்கு ஜாக்கும் நிக்கல் பூசியதாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். பிரஷ்ஷின் முறுக்குக் கம்பியும் மரை உள்ள அடிப்பாகமும் பித்தளையாக இருந்தால் அங்கிருந்தும் கொஞ்சம் நீலம் கசியும் என்பதை மறந்துவிடாதீர்கள். நைலான் இழை, எஃகுக் கம்பி, அலுமினிய அடிப்பாகம் என்று வரும் பிரஷ்கள் இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டவை.

மறுபயன்பாட்டில் நைலான் நீண்ட நாள் உழைக்கும். வளைந்து தளர்ந்தாலும் உடையாது, கழுவ எளிது. அதன் பலவீனம் இரண்டு. ஒரு பெட்டிக்குள் நசுங்கிக் கிடந்தால் அந்த வடிவத்திலேயே படிந்துவிடும். உலோகம் போல நிமிர்ந்துகொள்ளாது. அடுத்தது, மென்மையான இழையில் மணல் துகள் புதையக்கூடும். எனவே நைலான்தானே என்று தூசியில் போட்டுவைப்பது தவறு.

அமோனியாவும் செம்புக் கலவையும் ஒத்துப்போகாது என்பதைத் துப்பாக்கி உலகம் பழைய காலத்திலேயே அறிந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் மழைக்காலத்தில் ராணுவ நடமாட்டம் குறையும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல பித்தளைத் தோட்டாக்கூடுகளில் விரிசல். பருவத்தோடு வந்ததால் "பருவ விரிசல்" என்றே அதற்குப் பெயர் விழுந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவும், கூட்டை இழுத்து உருவாக்கியபோது உலோகத்தில் தங்கிய இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. பாஸ்பர் பிரான்ஸ் பித்தளை அளவுக்கு விரிசல் விடாதுதான். ஆனால் அமோனியாவில் நனைத்த வெண்கல பிரஷ்ஷைக் கழுவாமல் மூடிவைத்தால் அடுத்த முறை எடுக்கும்போது இழைகள் பச்சை பூத்து, உதிரத் தயாராக இருக்கும்.

எஃகு பிரஷ்

இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பிரிங் போல இழுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி குழல் எஃகைவிடக் கடினமாகவே இருக்கும். கூர்முனை இழைகள் உள்ள எஃகு பிரஷ்ஷை ரைஃபிள் குழலுக்குள் நான் விடமாட்டேன். யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். கரி சீக்கிரம் போகும் என்பது உண்மை. குழலின் துல்லியமும் கூடவே போகலாம்.

ஒரு விதிவிலக்கு ஷாட்கன்னுக்கு விற்கும் சுருள் பிரஷ். அதில் தனித்தனி இழைகள் இல்லை. ஒரே எஃகுக் கம்பி வளையம் வளையமாகச் சுற்றப்பட்டிருக்கும். குழலைத் தொடுவது வளையத்தின் வழவழப்பான முதுகு. கூர்முனை எங்கும் படாது. 12 போரின் குழலில் சுழல் பள்ளமும் இல்லை. பிளாஸ்டிக் படிவத்தை உரிக்க இது நன்றாகவே உதவுகிறது. இழை உதிர்வதில்லை என்பதால் நெடுநாள் வரும்.

உலோகத்தைப் பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுவது

கடையில் பிரஷ்ஷை எடுத்தவுடன் எல்லோரும் இழையைப் பார்ப்பார்கள். நான் முனையைப் பார்ப்பேன். இழைகளைப் பிடித்திருப்பது இரண்டாக முறுக்கிய ஒரு கம்பி. மலிவான பிரஷ்களில் அது எஃகு. அதன் நுனி வெட்டியபடி கூராக நிற்கும். குழலுக்குள் நுழையும்போதும் வாய் விளிம்பில் வெளியேறும்போதும் முதலில் படுவது அந்த நுனிதான். வெண்கல இழை வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் எஃகு ஊசியை உள்ளே விடுகிறோம். முறுக்குக் கம்பியும் பித்தளையாக இருந்து, நுனி வளையமாக மடித்திருந்தால் அந்த பிரஷ்ஷுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

அடுத்தது, பிரஷ்ஷைத் தண்டில் திருகும் மரை. அமெரிக்க வழக்கில் ரைஃபிள், கைத்துப்பாக்கி பிரஷ்களுக்கு 8-32 என்ற மரை; ஷாட்கன்னுக்கு 5/16-27; மிகச் சிறிய .17 குழலுக்கு 5-40. ஐரோப்பியத் தயாரிப்புகளில் எம்4 போன்ற மெட்ரிக் மரைகள் வரும். 8-32 மரையின் விட்டம் 4.17 மி.மீ., ஒவ்வொரு புரிக்கும் இடைவெளி 0.79 மி.மீ. எம்4-இல் விட்டம் 4 மி.மீ., இடைவெளி 0.7 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். முதல் இரண்டு சுற்று ஏறவும் ஏறும். அதற்கு மேல் வலிந்து திருகினால் பித்தளை மரை நசுங்கும். குழலின் நடுவில் தண்டு மட்டும் கையோடு வரும், பிரஷ் உள்ளே நிற்கும். விரலால் கடைசிவரை இலகுவாகச் சுழலாத பிரஷ்ஷை உள்ளே விடாதீர்கள்.

அளவைப் பொறுத்தவரை ஒரு சேமிப்பு உண்டு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி பிரஷ் தேவையில்லை. குழல் விட்டம்தான் கணக்கு. .22 ரிம்ஃபயருக்கும் .223-க்கும் ஒரே அளவு பிரஷ் போதும். 9 மி.மீ., .38, .357 மூன்றுக்கும் ஒன்று. .308, .30-06, .303 ஆகியவற்றை ஒரே .30 பிரஷ் பார்த்துக்கொள்ளும். சேம்பர் மட்டும் விதிவிலக்கு. அது குழலைவிட அகலம், அதற்கு அகலமான பிரஷ் வேண்டும்.

கயிற்றில் தைத்த பிரஷ் நல்லதா?

கயிற்றின் நடுவிலேயே வெண்கல இழைகளைப் பின்னி, ஒரே இழுப்பில் வேலை முடிக்கும் வகை இப்போது பரவலாகிவிட்டது. களத்தில் இதற்கு ஈடு இல்லை. தண்டு வேண்டாம், சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளலாம், எப்போதும் பின்பக்கமிருந்தே இழுக்கிறோம்.

வீட்டில் முழுச் சுத்தத்துக்கு இதை மட்டும் நம்புவது எனக்கு உடன்பாடில்லை. இழைகளும் துணியும் ஒரே கயிற்றில் இருப்பதால் போன தடவை எடுத்த அழுக்கு இந்தத் தடவை உள்ளே போகிறது. கழுவாவிட்டால் முன்னே சொன்ன அதே உப்புத்தாள், இங்கே இன்னும் நீளமாக. சோப்பு நீரில் ஊறவைத்து, அலசி, முழுக்கக் காயவைத்துப் பயன்படுத்த வேண்டும். இழுக்கும்போது குழலின் நேர்கோட்டிலேயே இழுக்க வேண்டும். லீ-என்ஃபீல்டு ரைஃபிளோடு பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த புல்-த்ரூ கயிறு, கோணலாக இழுத்து இழுத்துப் பல ரைஃபிள்களின் குழல்வாயை அறுத்திருக்கிறது. பழைய ரைஃபிள் பார்ப்பவர்கள் இன்றும் அந்தத் தேய்மானத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். கயிற்றின் நூல் பிரிந்திருந்தால் அன்றே தூக்கிப் போடுங்கள். இழைப் பகுதி குழலின் நடுவில் இருக்கும்போது கயிறு அறுந்தால் அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

அப்படிச் சிக்கிய பிரஷ்ஷையோ கயிற்றையோ சுட்டு வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். அடைபட்ட குழலில் சுட்டால் குழல் வெடிக்கும். ஊடுருவும் எண்ணெயை இரண்டு பக்கமும் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, குழல் அளவுக்கு நெருக்கமான பித்தளைத் தண்டால் தள்ளிப் பார்க்கலாம். அசையவில்லை என்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

திரும்பப் பயன்படுத்துவது

சிலர் பிரஷ்ஷை ஒரு மாதத்தில் எறிந்துவிடுகிறார்கள். சிலர் மொட்டையாகும்வரை வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. நன்றாகக் கழுவிய வெண்கல பிரஷ் எத்தனையோ அமர்வுகளுக்கு உழைக்கும். கழுவாதது மூன்றாம் முறையே குழலுக்குக் கெடுதல்.

கழுவுவது வேலை தொடங்கும்போதே ஆரம்பிக்கிறது. பிரஷ்ஷைத் திரவப் புட்டிக்குள் முக்காதீர்கள். ஒரு தடவை முக்கினால் குழலின் கரியும் ஈயமும் புட்டிக்குள் போய், அதற்குப் பின் நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு துளியும் அழுக்கு. சொட்டுக் குழாயால் இழையின் மேல் விடுங்கள். குழல்வாயில் ஒரு காலி பிளாஸ்டிக் புட்டியைக் கவிழ்த்து வையுங்கள். பிரஷ் வெளியே துள்ளும்போது தெறிக்கும் ஈயத் துளிகள் முகத்திலும் சுவரிலும் படாமல் அதற்குள் விழும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்தவுடன், எண்ணெய்த் திரவத்தோடு பயன்படுத்திய பிரஷ்ஷை அகல வாய் பாட்டிலில் மண்ணெண்ணெயோ மினரல் ஸ்பிரிட்டோ விட்டுக் குலுக்குங்கள். பிறகு வெந்நீரும் பாத்திர சோப்பும். பிறகு துணியில் தட்டி, நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள். அமோனியாவில் நனைந்த நைலானுக்கு முதலில் தண்ணீரே போதும், அமோனியா நீரில் கரையும். முதல் அலசலுக்கு நான் பழைய மண்ணெண்ணெயையே மறுபடி எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை இறுத்துக்கொள்ளலாம். அந்தக் கசடில் ஈயம் இருக்கிறது. அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், மூடிய டப்பாவில் சேர்த்து நச்சுக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். இந்த வேலை எதையும் சமையலறைத் தொட்டியில் செய்யாதீர்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இதில் துளியும் சலுகை வேண்டாம். அவர்களுடைய மூளையை ஈயம் மிகச் சிறிய அளவிலேயே பாதிக்கும்.

எப்போது ஓய்வு கொடுப்பது? கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும். புது வெண்கல பிரஷ் குழலில் இறுக்கமாக, உள்ளங்கையில் அழுத்தம் தெரியும்படி போகும். அந்த அழுத்தம் குறைந்து வழுக்கிக்கொண்டு போனால் இழைகள் துள்ளலை இழந்துவிட்டன. கேலிப்பர் இருந்தால் அளந்தே பார்க்கலாம்: .30 குழலுக்கான பிரஷ்ஷின் வெளிவிட்டம் 7.82 மி.மீ.க்கு இறங்கிவிட்டால் அது பள்ளத்தின் அடியை அழுத்தித் தேய்க்காது. விட்டம் இருந்தும் முறுக்குக் கம்பி வளைந்திருந்தாலோ அடிப்பாகத்தில் ஆடினாலோ தயங்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். இழை ஒன்றிரண்டு உதிர்வது இயல்புதான். ஆனால் உதிர்ந்த இழை சேம்பரிலோ டிரிக்கர் பகுதியிலோ கிடந்தால் இயக்கத்தைக் கெடுக்கும். பிரஷ் ஓட்டியபின் துணித்துண்டு ஒன்றைத் தள்ளாமல் துப்பாக்கியை மூடக் கூடாது என்பது அதனால்தான்.

ஓய்வு பெற்றது எல்லாம் குப்பை அல்ல. தேய்ந்த .30 பிரஷ்ஷின் மேல் துணித்துண்டைச் சுற்றினால் அருமையான துடைப்பான். இழைகள் துணியைப் பள்ளத்துக்குள் அழுத்தும், தட்டையான ஜாக் அந்த அளவுக்கு அழுத்தாது. அதே பிரஷ் இன்னும் துள்ளலோடு இருந்தால் 7 மி.மீ. குழலுக்கு இறுக்கமாகப் பொருந்தும். மிகவும் நைந்ததை ஷாட்கன் குழல்வாயில் திருகும் சோக்கின் மரைகளுக்கும் மேகஸினின் உட்புறத்துக்கும் போல்ட்டின் பூட்டுப் பற்களுக்கும் பயன்படுத்தலாம். ஒரு நிபந்தனை: அந்த வேலைக்குப் போன பிரஷ் திரும்பக் குழலுக்குள் வரவே கூடாது. நான் அடிப்பாகத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துவிடுவேன்; அவசரத்திலும் கை தவறாது.

தேய்ந்த பிரஷ்ஷுக்கு என் மனதுக்குப் பிடித்த வேலை ஈயம் எடுப்பது. பாத்திரம் தேய்க்கும் செம்புச் சுருளிலிருந்து சில இழைகளைக் கத்தரித்துப் பழைய பிரஷ்ஷின் மேல் இறுக்கமாகச் சுற்றி ஓட்டினால், புது வெண்கல பிரஷ் தொட முடியாத ஈயப் படிவமும் செதில் செதிலாக உரிந்து வரும். ரிவால்வரில் சிலிண்டரை அடுத்துக் குழல் தொடங்கும் இடத்தில் படியும் ஈயத்துக்கு இது கைகண்ட வழி. சுருள் சுத்தச் செம்பாக இருக்க வேண்டும். செம்பு முலாம் பூசிய எஃகும் அதே நிறத்தில் விற்கிறார்கள். காந்தத்தைக் காட்டுங்கள், ஒட்டினால் அது எஃகு, குழல் பக்கமே கொண்டுவராதீர்கள்.

உங்கள் துப்பாக்கிக்கு எது?

கவசக் குண்டு சுடும் ரைஃபிள் என்றால் இரண்டு பிரஷ் வாங்குங்கள்: கரிக்கு வெண்கலம், செம்புக்கு நைலான். ஒன்றைக் கொண்டே இரண்டையும் சமாளிக்கப் போய்த்தான் நான் மூன்று மாலையை இழந்தேன். முதலில் எண்ணெய்த் திரவமும் வெண்கலமும்; கரி போனபின் துணியால் துடைத்து உலர்த்திவிட்டு அமோனியாவும் நைலானும். கரிக்கு அடியில் செம்பு, செம்புக்கு அடியில் மறுபடி கரி என்று அடுக்கடுக்காகப் படிந்திருந்தால் இந்தச் சுற்றை மறுபடி செய்ய வேண்டிவரும்.

.22 ரிம்ஃபயருக்கு என் கருத்து பலருக்கும் ஒப்பாமல் போகலாம். பெரும்பாலான நாள் பிரஷ்ஷே வேண்டாம். அதன் ஈயக் குண்டில் மெழுகு பூசியிருக்கும். குழலில் அந்த மெழுகு சீராகப் படிந்தபின்தான் பல ரைஃபிள்கள் நன்றாகச் சுடுகின்றன. ஈரத் துணி, உலர்ந்த துணி போதும். சேம்பருக்கு முன்னால் கரி வளையம் கட்டும்போது மட்டும் வெண்கலத்தை அந்த இடத்தில் கையால் சுழற்றுங்கள். கைத்துப்பாக்கிக்கு வெண்கலம் ஒன்றே போதும். ஈயக் குண்டு சுட்டால் கூடவே செம்புச் சுருள். 12 போருக்கு வெண்கலமோ வளையச் சுருளோ எதுவானாலும் சரி, சோக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.

காற்றுத் துப்பாக்கியில் வெண்கலமும் வேண்டாம், பெட்ரோலியத் திரவமும் வேண்டாம். அங்கே எரிமருந்துக் கரி இல்லை, கொஞ்சம் ஈயம் மட்டுமே. திரவம் ரப்பர் அடைப்புகளைக் கெடுக்கும். ஸ்பிரிங் வகையில் எண்ணெய் அழுத்த அறைக்குள் போனால் அழுத்தத்தின் சூட்டில் அங்கேயே பற்றி வெடிக்கும். உலர்ந்த துணியை இழுத்தால் போதும், இல்லையென்றால் இதற்கென விற்கும் கம்பளி உருண்டை.

புதிதாக ஒரு திரவம் வாங்கினால் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அமோனியா வாசனை வராத செம்புத் திரவங்களும் இப்போது பல உண்டு. அவற்றில் சில வெண்கலத்தையும் கரைக்கும். உதிர்ந்த ஒரு வெண்கல இழையை வெள்ளைத் துணியில் வைத்து இரண்டு சொட்டு விட்டு, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் வெண்கல பிரஷ்ஷைத் தைரியமாக ஓட்டலாம். இழையைச் சுற்றி நீலமோ பச்சையோ படர்ந்திருந்தால் அந்தப் புட்டியின் மேல் "நைலான் மட்டும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.